சேட்டு கொண்டுபோன பாட்டில்

‘உங்கள் வீட்டு போர் தண்ணீரில் கிருமி இல்லை. குடிக்க ஏற்றது.’ போனில் வந்த சேதியைப் படித்ததும் ராஜவேல் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நல்ல சேதிக்கு இப்படி இடிந்துபோகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பாவம், அவனுக்கு வேண்டியிருந்தது கெட்ட சேதி. தலைநகரத்தின் ஓரத்தில், துவாரகாவைத் தாண்டி, சர்க்கார் குழாய் இன்னும் எட்டிப் பார்க்காத காலனி அது; வீட்டுக்கு வீடு போர்தான். தண்ணீர் கெட்டது என்று சோதனையில் வந்தால், சுத்தம் செய்கிற மிஷினை சர்க்காரே தன் செலவில் மாட்டிக்கொடுக்கும். நல்லது என்று வந்துவிட்டால் அவ்வளவுதான், மறுசோதனை என்ற பேச்சே கிடையாது.

ராஜவேல் வீட்டு போருக்கு ஒட்டினாற்போல் பின்வீட்டுக்காரனின் செப்டிக் டேங்க். ஆறு வயசு மகள் ஸ்நேஹாவுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை டைபாய்டு. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாம். குளிக்கும்போது குழந்தை வாய்க்குள் போகிறதை என்ன செய்வது? இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மிஷின் ஒன்றை வாங்கி மாட்டுகிற வசதி ராஜவேலுக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. இந்தத் திட்டத்தைத்தான் அவனும் மனைவி கோமளாவும் சாமி மாதிரி நம்பியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த இடி. பக்கத்து வீட்டுப் பயல் சேட்டுவுக்கும் சேதி வந்திருந்தது: அவன் வீட்டுத் தண்ணீர் கெட்டதாம், அடுத்த வாரம் மிஷின் வருகிறதாம். தெருவிலேயே ஆழமான போர் சேட்டுவுடையது, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அது எப்படிக் கெட்டுப்போகும்?

ராஜவேலுக்குப் பொறி தட்டியது. தண்ணீர் சோதனை முகாம் நடந்த அன்று அவனுக்கு ஏர்போர்ட்டில் ஷிப்ட். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் கோமளாவுக்கு போன் போட்டு, ஆபீசர் தண்ணீர் கேட்கிறார், பாட்டிலில் ரொப்பி சேட்டுவிடம் கொடுத்தனுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தான். அவள் ஏதோ கேட்க வந்தாள், அதற்குள் வைத்துவிட்டான். ஆக, இரண்டு வீட்டுப் பாட்டிலையும் முகாமுக்குக் கொண்டுபோனது சேட்டுதான்.

முகாம் ஆபீசருக்கு போன் போட்டுக் கத்திப் பார்த்தான். “கொடுத்ததைத்தானே பையா சோதிப்போம்” என்றார் அவர் ஹிந்தியில். இந்தக் காலனியில் இவ்வளவு சுத்தமான தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டு வேறு.

சேட்டுவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினான். மனை பார்த்துக்கொடுத்து, வேலைக்கும் சேர்த்துவிட்டு, தம்பி தம்பி என்று வைத்திருந்த பயல். கோமளா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரமாக வந்து நின்றாள்.

“பாட்டிலை மாத்திக் குடுத்துட்டியாடா?”

சேட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க பாட்டிலை வலது பாக்கெட்ல வெச்சேன், எங்கதை இடதுல. அந்த மத்தியான வெயில்ல வலது தொடை பொசுங்கிப்போச்சுண்ணே. மாறிடப் போகுதேன்னு அப்பக்கூட நான் பாட்டிலை இடம் மாத்தலை.”

“அப்புறம் உன் தண்ணி எப்படிடா கெட்டதுன்னு வரும்?”

சேட்டு தரையைப் பார்த்தான். ராஜவேல் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கதவோரம் நின்ற குழந்தையைக் காட்டினான். “என் புள்ளை உயிருடா அது.”

“ரெண்டு பாட்டில்லயும் உங்க தண்ணிதாண்ணே.”

பிறகு சேட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சொந்த போர் தண்ணீரைக் கொடுத்தால் நல்லது என்று வந்துவிடும், மிஷின் கிடைக்காது. சும்மா கிடைக்கிறதை விடுவானேன் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் ராஜவேல் வீட்டு வெளிக்குழாயைத் திறந்து தன் பாட்டிலை ரொப்பிக்கொண்டானாம். மாற்றியிருந்தாலும் ஒன்றுதானே அண்ணே என்று அழுதான்.

ராஜவேலுக்குக் கை தானாக நழுவியது. கோபப்படக்கூடத் தெரியவில்லை அவனுக்கு. ஒரே போர், ஒரே நாள், ஒரே லேப். ஒரு பாட்டில் கெட்டது, ஒரு பாட்டில் நல்லதா?

அப்படியென்றால் லேப்காரன்தான் என்னவோ தில்லுமுல்லு பண்ணியிருக்கிறான். எவனோ வேண்டியவனுக்காக ராஜவேலின் பெயரை வெட்டிவிட்டான். ராஜவேல் விடுவிடுவென்று செருப்பை மாட்டினான், இன்றைக்கு அந்த ஆபீசையே இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று.

சேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நானும் வரேண்ணே. என் மிஷின் போனாலும் போவுது, உள்ளதைச் சொல்லிடறேன்.”

இருவரும் கேட்டைத் தாண்டப்போனபோது பின்னாலிருந்து கோமளா கூப்பிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஆபீசர் குடிக்கப்போற தண்ணியாச்சேன்னு, நான் நல்லாக் கொதிக்கவெச்சுத்தானேங்க குடுத்தேன்.”