கோல்கீப்பரின் கையெழுத்து

நியூசிலாந்தின் ஒக்லாந்து, 1985. ஓய்வுபெற்ற உதைபந்தாட்டக்காரர்களின் படக் கார்டுகளில் தபால் மூலம் கையெழுத்து வாங்கிச் சேர்க்கும் ஒரு சிங்கள ரசிகர், பழைய கோல்கீப்பர் ஆனந்தராசாவுக்கும் கொழும்பிலிருந்து கார்டும் கடிதமும் அனுப்பியிருந்தார்.

“சிங்களவருக்கோ? எண்பத்துமூண்டுக் கலவரத்தில என்ர வீட்டை எரிச்ச ஊருக்கு நான் கையெழுத்துப் போடமாட்டன்!” ஆனந்தராசா எல்லாவற்றையும் மேசையில் எறிந்தார்.

“கடிதத்தை வாசிச்சனீங்களே?” என்றாள் மனைவி செல்வநாயகி.

“பேரைப் பாத்ததே போதும்!”

“அப்ப கேளுங்கோ.” அவள் வாசித்தாள். “‘தமிழரை ஒளித்து வைத்ததற்காக என் வீட்டையும் எரித்தார்கள். சேர்த்த கார்டுகளில் இது ஒன்றுதான் மிஞ்சியது. இதில் நீங்கள் முன்பு போட்ட கையெழுத்து கருகிவிட்டது.’”

ஆனந்தராசா கார்டை எடுத்தார். அதன் ஓரம் கரிந்திருந்தது.

“நாசமாப் போவாங்கள்! அந்த மனிசன்ர வீட்டையுமே?” என்று கத்தியபடியே பேனையைத் தேடினார்.