மூன்றாவது ஃபில்டர்

இன்றைக்கும் வண்டி வழியில் நின்றுவிடுமோ? பழைய துணியால் பைக்கைத் துடைத்துக்கொண்டே அவள் நினைத்தாள். போன இரண்டு ஞாயிறும் அப்படித்தான் ஆனது. டேங்கின் அடியில்கூட விடாமல் துடைத்தாள்.

"துடைச்சாச்சா?" உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"ஆச்சுங்க."

அதற்குப் பிறகுதான் அவன் வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. அங்கே சோறு ஒரு பங்கு, புத்திமதி மூன்று பங்கு. 'கரண்டியை இப்படியா பிடிக்கிறது?' என்று தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. ஆனால் அவருக்குக் கூடப்பிறந்த அக்கா ஆயிற்றே, வாய் திறந்து என்ன சொல்வது?

பூங்கா வாசலில் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. எதிரிலேயே மெக்கானிக் கடை.

"பெட்ரோல்ல ஒரே அழுக்கு. இன்னொரு ஃபில்டர் மாட்டிடுங்க" என்றான் கணவன்.

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "ஏற்கெனவே மாட்டின ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கு சார். டேங்குக்குள்ளேயே ஒரு வலை வேற இருக்கு. கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் தானா வழிஞ்சு இறங்கணும். நடுவுல இத்தனை பேர் மறிச்சா எப்படி இறங்கும்? ஒத்தை வீட்டுக்கு மூணு வாட்ச்மேன் எதுக்கு?"

"நீங்க மாட்டுங்க, நான் சொல்றேன்ல!"

அக்காவுக்குப் போன் செய்ய அவன் தள்ளிப் போனான். பாவம், எவ்வளவு ஆசையாகக் கிளம்பினார்! அவளுக்குள் என்னவோ உறுத்தியது.

வண்டியருகே குனிந்த மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பெட்ரோல் குழாய் மூடியிருக்கு. கார்புரேட்டர்ல மிச்சமிருந்தது இந்தப் பூங்கா வரைக்கும் ஓடியிருக்கு. வீட்டுல துடைக்கிறப்போ மூடிடுறீங்க, அதானே?"

வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்துவிட்ட துணியை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"திறந்து விடட்டுமா? சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடலாம்."

"வேணாம் தம்பி." மெல்லத் தலையசைத்தாள். "ஃபில்டரையே மாட்டிடுங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். தெருக்கோடியிலிருந்து கணவன், இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீமுடன் விசிலடித்தபடி வந்துகொண்டிருந்தான்.

"சாருக்கு எல்லாம் தெரியும்னு உங்ககிட்ட சொல்லக் கூடாதாம், அக்கா."