ரெயின்கோட்டுக்காரரின் காது

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ரெயின்கோட்டுக்காரரேதான். சத்தியமாக அவரேதான்.

முடி கொட்டிவிட்டது, தொப்பை வந்துவிட்டது. ஆனால் அந்த மூக்கை எந்தக் கூட்டத்தில் வைத்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

காது டெஸ்ட் எடுக்கும் வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஒரு நாளும் இப்படி ஒருவர் அவள் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை.

அவள் பிறப்பதற்கு முன்பே மேடையை விட்டுப் போனவர் அவர். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு கிடார் வாசித்த மனுஷர். ஒரு பாட்டின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டு, பதினோரு எண்ணிக்கை சும்மா நிற்பார். பாட்டு முடிந்துவிட்டதென்று ஜனம் கை தட்டும். அதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு முறை மேடையை விட்டு இறங்கியே போயிருக்கிறார். கிறுக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதையேதான் சொல்வாள், ஆனால் செல்லமாக.

இணையத்தில் அந்தப் பாட்டின் பழைய வீடியோவை இதுவரை நானூறு தடவை பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அதில் முந்நூறு இவள்தான்.

வெளியே பெஞ்சில் அவருடைய மகள் காத்திருந்தார். வரும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அப்பாவை யாரோ மறுபடி மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். காது நன்றாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவாராம். அத்தனை பேர் முன்னால் அப்பா தாளம் தப்பி அசிங்கப்படுவதைப் பார்க்க அவரால் முடியாது.

டெஸ்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இவள் இங்கிருந்து அவர் ஹெட்போனுக்குள் ‘பீப்’ அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் இவள் மேஜையில் விளக்கு எரியும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள், அவ்வளவுதான்.

விளக்கு எரிந்தது. குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள், எரிந்தது. கொசு பறக்கும் சத்தத்துக்கும் கீழே கொண்டுபோனாள். அப்போதும் எரிந்தது!

எழுபது தாண்டிய காது. அதுவும் பாதி ஆயுள் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்ற காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட இப்படி வராது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் அவரை நேரில் பார்க்கப்போகிறாள், முதல் வரிசையில் உட்காரப்போகிறாள்.

அப்புறம்தான் உறைத்தது.

சத்தம் கேட்டு அமுக்குகிறவர்களுக்குக் கண் சிமிட்டும் நேரமாவது தாமதம் இருக்கும். எப்பேர்ப்பட்ட காதாக இருந்தாலும் இருக்கும். இவருக்கு இல்லை. பீப்பும் விளக்கும் ஒன்றாகவே வந்தன.

அவள் தன் விரலைப் பார்த்தாள்.

பீப்பை ஒழுங்கில்லாமல், முன்னே பின்னே விட்டு அனுப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அவள் விரலோ அந்தப் பாட்டின் தாளத்திலேயே போய்க்கொண்டிருந்தது. சற்று முன்பு பதினோரு எண்ணிக்கை சும்மாகூட இருந்திருக்கிறது, பாழாய்ப்போன விரல். அந்த இடத்தில் விளக்கும் எரியவில்லை.

சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த தட்டு விழ வேண்டிய இடத்தில் விளக்கு எரிந்தது.

அடக் கடவுளே. மனுஷருக்கு இதில் ஒன்றும் கேட்கவே இல்லை.

டெஸ்ட் முடிவைக் காட்டும் தாளில் கோடு மட்டும் அழகாக விழுந்திருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் மேடை நிச்சயம். யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை எடுத்தாள். அவருடைய கிடார் அவருக்கே கேட்காத மேடையை நினைத்துப் பார்த்தாள். தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றினாள். அவர் முகத்துக்கு நேரே நின்று உரக்கச் சொன்னாள்.

“சார், தப்பு என்னோடது. உங்க பாட்டுத் தாளத்துலயே பீப்பை அனுப்பிட்டேன். நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கிட்டீங்க. மறுபடியும் எடுக்கணும். காதுக்கு மெஷின் வச்சா கிடார் கேக்கும் சார், மேடையும் ஏறலாம்.”

மெஷின் என்றதும் அவர் முகம் சுளித்தது. ஆனால் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“நான் எங்கம்மா உன் தாளத்தைப் பிடிச்சேன்? இதுக்கு முன்னாடி மூணு இடத்துல டெஸ்ட் எடுத்தாங்க. ஒண்ணும் கேக்கல, மூணு இடத்துலயும் இதே பாட்டைத்தான் அமுக்கினேன். ஒருத்தரும் கூட வரல. கண்ணாடி வழியா உன் தலை ஆடறதைப் பார்த்தேன். விளக்கைப் பார்த்து நீதான் என் தாளத்துல வந்து சேர்ந்தே.”

அப்படியென்றால் இவ்வளவு நேரமும் ரெயின்கோட்டுக்காரர் வாசிக்க, கூடவே அவளும் வாசித்திருக்கிறாள்!

அவர் அவள் கையிலிருந்த ஹெட்போனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார்.

“போ, போய் ஆரம்பி. இந்தத் தடவை கேட்டா மட்டும் அமுக்கறேன்.”