நான்கு துளைகள்

2009 ஜூன் 16, செங்கோட்டை. மர மில்லில் இருந்த பழைய மோல்டிங் மெஷினின் வெட்டுத்தலை சதுரமானது.

தொழிற்சாலை ஆய்வாளரான அவள் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு மூன்றாவது ஆய்வு. இன்னும் சாப்பிடவில்லை.

சதுர இரும்புக் கட்டையின் இரு பக்கங்களில் கத்திகளை முடுக்கியிருந்தார்கள். சுற்றும்போது உருளையாகத் தெரியும். மூலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்குப் படாது. பிறகு வந்த மெஷின்களில் தலையே உருளை. விரல் பட்டால் நுனியோடு போகும்.

இது கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மெஷின் ஓட்டும் கோமதிநாயகத்துக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. சுவரோரம் நின்றார்.

கத்திக்கு மேல் இப்போது தகர மூடி இருந்தது.

"இத களத்திப் போட்டுட்டுல்லா ஓட்டிருக்காரு மேடம்," என்றார் மேனேஜர். "மெஷினுக்கு மாப்பிள்ளைன்னு நெனப்பு."

கோமதிநாயகம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவரே கழற்றியதென்றால் அவருக்கு நஷ்டஈடு இல்லை. மூடியே இருந்ததில்லை என்றால் மெஷினுக்குச் சீல். இந்த மெஷினில் ஜன்னல் சட்டங்களுக்கு விளிம்பு இழைப்பது தவிர அந்த மில்லில் வேறு வேலை கிடையாது.

மூடியை எடுக்கச் சொன்னாள்.

வார்ப்பிரும்பில் நான்கு துளைகள். மெஷின் முழுக்க எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. துளைகளின் விளிம்பு மட்டும் பளபளத்தது.

வார்ப்பிரும்பைத் துளைத்தால் சுருள் வராது. கரும்பொடிதான். தரையைப் பெருக்கியிருந்தார்கள். பொடி கோமதிநாயகத்தின் கைக்கட்டு மடிப்புகளில் இருந்தது.

மேனேஜரை வெளியே அனுப்பினாள்.

"துளைய நீங்களே போட்டீங்களா?"

"வேற யாரு போட்டாலும் வெடிச்சிரும் மேடம். வார்ப்புல்லா."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. எம் பொண்டாட்டியும் மருமவனும் இங்கதான் வேல பாக்காவ." கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "எனக்கு எப்படியும் போச்சு. நாந்தான் களத்தினேன்னு எழுதிக்கிடுங்க."

அவள் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

மூடி விபத்துக்குப் பிறகு பொருத்தப்பட்டது என்று எழுதினாள். துளையிட்டவர் யார் என்பதற்கு, தெரியவில்லை.

நாலரை மணிக்கு மெஷினுக்குச் சீல் வைக்கப்பட்டது.

கோமதிநாயகத்துக்கு நஷ்டஈடு நவம்பரில் வந்தது. மில் ஜூலையிலேயே மூடப்பட்டிருந்தது.