நாற்பது நொடி அழுகை

திரையில் இசக்கிச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். மேடை நாற்காலியில் இருந்த இசக்கிச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கால் அளவுத் தண்ணீர். பின்னால் சாய்ந்து கிடக்கும் வாழைகள். கைகளை நீட்டி அவள் ஏதோ கதறுகிறாள். கேட்பதென்னவோ வயலின் மட்டும்தான்.

வண்ணார்பேட்டையில் ஒரு கல்லூரி அரங்கு. பருவநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்கு. முந்நூறு பிள்ளைகள். முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

களக்காட்டுப் பக்கம் ஒரு வருடத்து மழை ஒரே நாளில் கொட்டியபோது செய்திச் சேனல் ஒன்று எடுத்த படம் அது. அந்த மழையில்தான் அவள் ஊரின் மேலக்குளத்துக் கரை உடைந்து கீழத்தெரு முழுவதும் போனது. அவளுடைய மதினி சுடலைவடிவும் தண்ணீரோடு போனாள்.

அதன் பிறகு எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். போன மாதம் வடக்கே எங்கோ ஓர் ஆறு பெருகியதற்கும் இவள்தான் அழுதாள்.

பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றாள்.

என்ன சொல்லி அழுதாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இன்றைக்கு அவள் வந்ததே, பெரிய பொறியாளர் ஒருவர் வருவார் என்று சொன்னதால்தான். உடைந்த இடத்தை இன்னும் மண்மூட்டையால்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கப் போகிறது. மடியிலிருந்த பைக்குள் மனு இருந்தது. பொறியாளரின் நாற்காலி காலியாக இருந்தது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பேராசிரியர் சுந்தர்ராமன் மைக்கை அவளிடம் கொடுத்தார். அவர் குரலும் கரகரத்திருந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்த நேரத்தில் உங்கள் மனசு எப்படி இருந்தது என்று கேட்டார்.

அவள் மனுவை எடுத்துப் பிரித்தாள். "எங்க குளத்துக்கரைய..." என்று தொடங்கினாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. மனசு எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

முந்நூறு முகங்களும் மறுபடி அழுவதற்குக் காத்திருந்தன. அவளுக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எல்லோருமே நல்லவர்களாக இருந்தார்கள்.

மனுவை மடித்தாள். மடிக்கணினியுடன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாணவியைப் பார்த்தாள்.

"பிள்ள, அந்தப் படத்த இன்னொரு தடவ போடு. பாட்டு வேண்டாம்."

பாட்டை நிறுத்தினால் அதற்கடியில் அமுங்கிக் கிடக்கும் உங்கள் குரலும் வராது, இரண்டும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது என்றாள் மாணவி.

"வராட்டாப் பரவால்ல. நான் பேசுதேன்."

பேராசிரியர் வாட்சைப் பார்த்துக்கொண்டார். தடுக்கவில்லை.

சத்தமில்லாமல் படம் ஓடியது. திரையில் வாய் அசைய அசைய, மேடையில் நின்றவள் மைக்கில் சொன்னாள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அவள் குரலில் அழுகையும் இல்லை.

"மேலக்குளத்துக் கரை இன்னும் ஒடையல. மடைகிட்ட மூணு எடத்துல கசியுது, அவ்வளவுதான். நாங்க பன்னெண்டு பேர்தான் நிக்கோம். நானும் எங்க மதினியும் கூடையில மண்ணு சொமக்கோம். எங்களப் படம் புடிச்சது போதும்யா. இத டிவியில சொல்லுங்க. நூறு மண்மூட்டையும் இருவது ஆளும் வந்தா நிப்பாட்டிரலாம். இன்னும் நேரம் இருக்கு."

திரையில் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். படம் அதோடு நின்றது.

அரங்கில் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

"இது... எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றார் பேராசிரியர்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மூன்று மணிக்கு அது வயலினோடு சேனலில் வந்தது. கரை உடைந்தபோது மணி ஆறரை. அதற்குள் நான்கு லட்சம் பேர் அவளைப் பார்த்து அழுது முடித்திருந்தார்கள்.