கைப்பிடி உயரம்

“கைப்பிடி ஒரு சாண் கம்மியா இருக்கே. டிராயிங்கைப் பார்த்தீங்களா, இல்லையா?”

கம்பெனி அதிகாரி ஆதிநாராயணன் கேட்டார். பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அந்தக் கம்பெனி, கேன்டீனில் சோற்று அண்டா தள்ளுவதற்கு வண்டி கேட்டிருந்தது. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு அதுதான் புராஜெக்ட். அளவு பார்க்க ஒருநாள் கேன்டீனுக்கும் போய் வந்திருந்தார்கள். டிராயிங் போட்டுக் கொடுத்தவள் பயிற்சியாளர் காயத்ரி. நன்றாகச் செய்கிறவருக்கு அங்கேயே அப்ரன்டிஸ் இடம்.

“எல்.கே.ஜி. பசங்க தள்றதுக்கா செஞ்ச, பிரின்சி?” என்றான் ஜெகன். சிரிப்பு எழுந்தது. அவன் வண்டி டிராயிங்கில் இருந்தபடியே இருந்தது.

காயத்ரிக்குத்தான் மனசு குடைந்தது. பிரின்சியின் வெல்டிங் சுத்தம். சக்கரம் நேராக ஓடுகிறது. கைப்பிடி மட்டும் எப்படித் தப்பும்?

“மறந்துட்டியா?”

“இல்ல மிஸ்.”

“அப்புறம்? தப்பு நடந்தா மறைக்காம காரணம் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன்ல?”

பிரின்சி ஓரக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தாள்.

“காரணம்கூடச் சொல்லாத பொண்ணு எனக்கு வேணாம்” என்றார் அவர். “ஜெகன் பேரை எழுதிக்கிறேன். வண்டி ரெண்டையும் கேன்டீன்ல விடுங்க.”

விடை தெரியாமல் காயத்ரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே கேன்டீனுக்குப் போனாள்.

ஜெகனின் வண்டி மூலையில் கிடந்தது. அங்கே வேலை செய்யும் கெங்கம்மாள், குட்டைக் கைப்பிடி வண்டியில் அண்டாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அந்த வண்டி நல்லா இல்லையாக்கா?”

கெங்கம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரல் இறங்கியது.

“எனுக்கு வலது கை இடுப்புக்கு மேல தூக்க வராதும்மா. காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவான். அளவு பாக்க வந்த பசங்கள்ல அந்தப் பொண்ணு ஒண்ணுதான் கண்டுக்கினா. யாராண்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினேன்.”

“இன்னா மிஸ், இங்க?” பின்னால் ஆதிநாராயணன். “அந்த வண்டி ஏன் குட்டையாச்சுன்னு தெரிஞ்சுதா?”

கைப்பிடியில் கெங்கம்மாளின் விரல்கள் இறுகின.

“தெரிஞ்சுது சார். அந்தப் பொண்ணு சரியாத்தான் அளந்திருக்கா” என்றாள் காயத்ரி. “தப்பு டிராயிங்ல. அதைப் போட்டவ நான்.”