கசக்காத மருந்து

மகளுக்குக் கொடுக்க வேண்டிய கேப்ஸ்யூலைப் பிரித்து, அதிலிருந்த தூளில் துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார் தையல்காரர்.

கசக்கவில்லை. மருந்தென்றால் கசக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே டாக்டர் விவரமாகச் சொல்லித்தான் இருந்தார். இது சோதனையில் இருக்கிற புது மருந்து. வழக்கமான ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது.

அன்றைக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். பயந்து கிடப்பவன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான்.

இன்று மகளுக்கு மறுபடியும் காய்ச்சல் நூற்றுமூன்று. பக்கத்துக் கட்டில் பிள்ளையோ எழுந்து உட்கார்ந்து படம் வரைகிறது.

நேரே மருந்தறைக்குப் போனார். எந்தப் பிள்ளையின் எண்ணுக்கு எந்த மருந்து என்ற பட்டியல் அங்கே இரும்பு பீரோவுக்குள் இருந்தது. அதற்குப் பொறுப்பான அம்மாவுக்கு வார்டு வைத்திருந்த பெயர் கறார் மேடம்.

"மேடம், என் பொண்ணுக்குக் குடுக்கறது வெறும் மாவு. நான் வாயில வெச்சுப் பாத்துட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டுமே கசக்காது, வேண்டுமென்றேதான் ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள், நாக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் காட்டிப் பேசினார் தையல்காரர். இந்த நோயில் சில பிள்ளைகள் மருந்தே இல்லாமல் நாலு நாள் தெளிவாக இருப்பார்கள் என்றார் மேடம். அப்படித் தெளிந்ததை நம்பி முன்பு ஒரு மருந்தை எல்லோருக்கும் கொடுத்தார்களாம். அது ஈரலைக் கெடுக்கிறது என்று தெரியவே ஒரு வருஷம் ஆனதாம்.

"இது நல்லதா கெட்டதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா இந்த பீரோவே வேண்டாமே."

தையல்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. மகள் பிழைக்க மாட்டாளோ என்ற பயம்தான் அவருக்கு. முப்பது வருஷமாக ஊசியில் நூல் கோர்த்த கை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஒரே ஒரு நம்பர் மேடம். என் பொண்ணோடது, பத்தொம்பது. பாத்துச் சொல்லுங்க, உங்க கால்ல வேணா விழறேன்."

"முடியாதுண்ணா."

"மாவுதான்னு தெரிஞ்சா, அவளைத் தூக்கிட்டு வேற எங்கயாவது ஓடிடுவேன்."

"ஒவ்வொருத்தரும் பாத்துட்டு ஓடிட்டா, கடைசிவரைக்கும் யாருக்குமே எதுவும் தெரியாது."

இவ்வளவு நிதானமாக ஒருத்தியால் எப்படிப் பேச முடிகிறது என்று ஆத்திரமாக வந்தது அவருக்கு. இவளெல்லாம் பிள்ளை பெற்றவளா என்று நினைத்தார். கேட்டும்விட்டார்.

"உங்க பிள்ளை இப்படிக் கெடந்தா, இந்த பீரோவைத் திறக்காம இருப்பீங்களா?"

கறார் மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"திறந்திருப்பேன். அந்தப் பயத்துலதான், மேல் மாடியில என் பையனை இதே சோதனையில சேர்த்த அன்னைக்கே சாவியை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."